சிவப்பாக இருந்த ஊசித்தட்டான்

என் உயிர்ச் சிநேகிதனைப் பார்த்து, மூன்றாம் மனிதர் ஒருவர் முன்னால், "என் பூச்சியைத் திருடிட்டியே" என்று கத்தியவன் நான். அப்போது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. ரயில்வேயில் உத்தியோகம் இருந்தது, தலையில் பாதி முடி இருந்தது, ஊரில் மரியாதை என்று சொல்லிக்கொள்ளும்படி ஏதோ கொஞ்சம் இருந்தது. திருட்டுப் போனதாக நான் சொன்ன பூச்சியும் இருந்தது. நான் கத்தும்போது அது எனக்கு முன்னாலிருந்த பிஸ்கட் டப்பாவுக்குள்ளேயே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் கதையைச் சொல்வதற்கு முன் ஊசித்தட்டான் எது என்று சொல்லிவிடுகிறேன். மழைக்கு முன்னால் கூட்டமாகப் பறக்கும் பெரிய தட்டான் வேறு. அது உட்கார்ந்தாலும் இறக்கையை ஆகாய விமானம் மாதிரி விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டான் கையடக்கமான பிராணி. உடம்பு ஊசி. உட்கார்ந்ததும் இறக்கையை முதுகுக்கு மேல் மடித்துக்கொள்ளும். ஏரியோரத்துக் கோரைக்குள் தாழப் பறக்கும். சிலது சுண்டுவிரலில் பாதிகூட இராது. குனிந்து தேடாதவன் கண்ணில் படவே படாது. எங்கள் ஊரில் குனிந்து தேடியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

நான் அம்பத்தூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் கிளார்க். சொந்த ஊர் பக்கத்திலேயே மேனாம்பேடு. அண்ணன்மார் ஏரித் தண்ணீரில் நெல் போட்டார்கள். எனக்கு வெயில் ஆகாது என்று டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். என் சிநேகிதன் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். அவன் என்னை மாமே என்பான், நான் அவனை மச்சான் என்பேன். பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியோடு என் டூட்டி முடியும். மாற்று ஆள் வந்ததும் நான் நேராக ஏரிக்கரைக்குப் போவேன். மதகுக்குப் பக்கத்தில் அவன் குடையோடும் இரண்டு தூண்டிலோடும் உட்கார்ந்திருப்பான்.

மீன் எங்களுக்குக் கிடைத்ததே இல்லை. அதற்குப் பதிலாகத் தூண்டில் கோலின் நுனியில் ஊசித்தட்டான்கள் வந்து உட்கார்ந்தன. மிதப்பைப் பார்த்துப் பார்த்து அலுத்த கண்ணுக்கு இவற்றைப் பார்ப்பது சௌகரியமாக இருந்தது. ஒரு நாள் அவன் கேட்டான்.

"மாமே, போன வாரம் குந்திகினு இருந்ததும் இதுவும் ஒண்ணா?"

"எல்லாம் ஒண்ணுதான். பூச்சி."

"நல்லா பாரு. இதும் வால்ல செவப்பா ஒண்ணு கீது."

கீது. பச்சையும் கறுப்புமான உடம்பு, வால் நுனியில் சிவப்பாக ஒரு பொட்டு. ரயில்காரனுக்கு அதைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்? வண்டியின் கடைசியில் கார்டு பெட்டியில் சிவப்பு விளக்கு தொங்குமே, அதுதான். 'கார்டு' என்று பெயர் வைத்தேன். அன்றைக்குத் தொடங்கியது எங்கள் பைத்தியம். மீனை மறந்துவிட்டு, தூண்டில் நுனியில் வருகிறவர்களுக்கெல்லாம் பெயர் வைக்க ஆரம்பித்தோம். என் பெயர்கள் ஸ்டேஷனிலிருந்து வந்தன, அவன் பெயர்கள் மருந்து அலமாரியிலிருந்து. நீலமாக இருந்ததற்கு மயில்துத்தம். வால் முழுக்க மஞ்சளாக இருந்ததற்குக் காய்ச்சல் மிக்ஸர். மங்கலான பச்சையில், வாலில் விளக்கும் இல்லாமல், கோரைக்குக் கோரை சும்மா நிற்குமே, அதற்கு நான் வைத்த பெயர் கூட்ஸ். கார்டு எப்போது பார்த்தாலும் கூட்ஸின் கழுத்தை வாலால் பிடித்துக்கொண்டு கோத்துப் பறந்ததால் இரண்டும் புருஷன் பெண்டாட்டி என்று தெரிந்துகொண்டோம். அதற்கு எங்களுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் போல எனக்கு வேறெதுவும் கிடைக்கவில்லை. வீட்டில் நான் புருஷன், ஸ்டேஷனில் 'யோவ் டிக்கெட்டு', அண்ணன்மாருக்கு வெயிலுக்குப் பயந்த தம்பி. மதகுக்குப் பக்கத்தில்தான் நான் ஏதோ ஒன்றில் பாதிச் சொந்தக்காரன்.

அந்தப் பாதியை நானே கொண்டுபோய் இன்னொருவர் கையில் கொடுத்தேன். ஒரு ஞாயிறு பட்டணத்து வண்டியிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கினார். தோளில் பை, கையில் வலை. டிக்கெட்டை நீட்டிவிட்டு, "ஏரிக்கு எப்படிப் போகணும்?" என்றார்.

"வலைய பாத்தா மீனு புடிக்கிற வலையா தெரியலியே சார்."

"மீன் இல்லை. ஊசித்தட்டான்."

உலகத்தில் மூன்றாவதாக ஒரு பைத்தியம் இருப்பது தெரிந்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில், மாற்று ஆள் வருவதற்குள் டிக்கெட் அலமாரிச் சாவியைப் போர்ட்டரிடம் கொடுத்துவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். பட்டணத்துக் காலேஜில் பிராணி சாஸ்திரம் சொல்லிக்கொடுக்கிறவர். மேற்கே இருக்கிற ஏரிகளில் என்னென்ன ஊசித்தட்டான் உண்டு என்று பார்க்கிறாராம். "மச்சான், இன்னா ஆளப் புடிச்சிகினு வந்துகீறேன் பாரு!" என்று தூரத்திலிருந்தே கத்தினேன். அந்த வாயைத் தைத்திருக்கலாம்.

முதல் இரண்டு மூன்று வாரம் நன்றாகத்தான் போயிற்று. வாத்தியார் ஒவ்வொன்றுக்கும் நாக்கு சுளுக்கும்படி ஒரு பெயர் சொல்வார். நான் அதையே கெடுத்துத் திருப்பிச் சொல்வேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரிப்பார். கார்டு, கூட்ஸ் என்ற பெயர்களைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவர் கொடுத்தது அந்தச் சிரிப்பு. மச்சானுக்குக் கொடுத்தது ஒரு பூதக்கண்ணாடி.

அது கிடைத்ததற்குக் காரணம் இருந்தது. கார்டுக்குத் தம்பி மாதிரி ஒரு சாதி எங்கள் கோரையில் உண்டு. நாங்கள் அதை அசிஸ்டென்ட் கார்டு என்போம். தவிர, மார்பெல்லாம் வெள்ளையாக மாவு அப்பியதுபோல் இன்னொன்று உண்டு. அதற்குப் பெயர் விபூதி. இரண்டும் வேறு வேறு என்று நான் சத்தியமே செய்திருப்பேன். மச்சான் ஒரு காலை நேரம் முழுக்க ஒரே இடத்தில் குந்தியிருந்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"சார், இது அரகொறையா விபூதி பூசிகினு கீது. வால்ல வெளக்கும் பாதி அணைஞ்சிட்டிருக்குது. அசிஸ்டென்டுக்கு வயசானா இதான் ஆவுதோ இன்னாவோ?"

வாத்தியார் துள்ளிக் குதித்தார். "பேஷ்! அப்படித்தான், அப்படியேதான்! நீங்களாகவே கண்டுபிடிச்சீங்களா?"

"ரிட்டயர் ஆனா வெளக்க அணைச்சிட்டு விபூதி பூசிக்கிறது நாயந்தான் சார், எங்க ஸ்டேஷன் மாஸ்டரும் அத்தத்தான் செய்யப்போறாரு" என்றேன் நான். வாத்தியார் சிரித்தார். சிரித்துக்கொண்டே மச்சான் பக்கம் திரும்பிக்கொண்டார். பையிலிருந்து அந்த மடக்குக் கண்ணாடியை எடுத்து அவன் கையில் வைத்தார். நான் மிதப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். 

அதற்குப் பிறகு பேச்சு அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்தது. நான் ஓரத்தில் டமாசு. இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு ஒரே கண்ணாடிக்குள் பார்ப்பார்கள். நானும் எட்டிப் பார்த்தால், என் நிழல் விழுந்து பூச்சி பறந்துவிடும். "மாமே, கொஞ்சம் நவுந்து குந்தேன்" என்பான். எத்தனை வருஷமாக நான் குந்திய இடம் அது!

இந்த நாட்களில்தான் சிவப்பு ஊசித்தட்டானைப் பார்த்தோம். வாத்தியார் வராத ஒரு நாள். கோரை அடியில் ஒரு பொடி. உடம்பு முழுக்கச் சிவப்பு, வற்றல் மிளகாய் நிறம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"புச்சு மச்சான்! புது சாதி! இத்த நாம பாத்ததே கெடியாது!"

மச்சான் கண்ணாடியை வைத்துப் பார்த்தான். வைத்துப் பார்க்க அவனிடம் கண்ணாடி இருந்தது. "இது குட்டியா இருக்கும் மாமே. கூட்ஸோட எளசு. முத்தினா பச்சையாயிடும்."

"யார்கிட்ட சொல்றே? எங்க அண்ணன் கொல்லைக்கு வா. மொளவா எளசுல இன்னா நெறம்? பச்ச. பயுத்தா? செவப்பு. தக்காளி? பச்ச, அப்புறம் செவப்பு. கோவப்பயம்? அதே. ஒலகத்துல எதுனா ஒண்ணு செவப்பா பொறந்து பச்சையா பயுக்குமா?"

"அது காயி மாமே. இது பூச்சி."

"சாமி ஒண்ணுதான நைனா ரெண்டுத்தியும் படச்சது?"

அவன் கண்ணாடியை மடக்கி மடியில் செருகிக்கொண்டான். நான் ஜெயித்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன். அதற்குக் 'கைகாட்டி' என்று பெயர் வைத்தேன். ரயில் நிற்கச் சொல்லிச் சிவப்பைக் காட்டுமே, அந்தக் கைகாட்டி.

அடுத்த வாரம் வாத்தியார் வந்து எங்கள் ஏரி முடிந்துவிட்டது என்றார். இங்கே இருப்பதையெல்லாம் பார்த்தாகிவிட்டதாம். இனி ஞாயிறுதோறும் திருநின்றவூர் ஏரி, அது முடிந்ததும் பூந்தமல்லிப் பக்கத்துத் தாங்கல் குளங்கள். "நீங்க என்னோட வந்தா பெரிய உதவியா இருக்கும்" என்று மச்சானிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்குத்தான் டூட்டி முடிய நேரமாயிடுமே" என்றார். மரியாதையான மனிதர். கதவைச் சாத்தும்போதுகூடச் சத்தம் வராமல் சாத்தினார்.

மச்சான் என்னைப் பார்த்தான். "போய்ட்டு வரட்டா மாமே?"

"போயேன். நான் இன்னா உன் பொண்டாட்டியா?"

அடுத்த ஞாயிறு காலை என் ஜன்னலில் அவன் கை நீண்டது. ஒரு திருநின்றவூர். எத்தனை ஆயிரம் டிக்கெட்டை அந்தத் தேதி மெஷினில் விட்டு அடித்திருக்கிறேன்! அன்றைக்கு அது 'டக்' என்றது என் மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. பட்டணத்து வண்டி வந்தது. வாத்தியார் ஜன்னலோரம் இடம் போட்டு வைத்திருந்தார். என் சிநேகிதன் ஏறுவதற்கு நானே டிக்கெட் கொடுத்து, நானே மணியடிக்கச் சொல்லி அனுப்பிவைத்தேன். தன் பெண்டாட்டியை ஓடிப்போக வண்டியேற்றிவிடும் புருஷன் யாராவது இருந்தால் அவன் என்னோடு பேசியிருக்கலாம்.

அன்று மதகுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்தேன். என் தூண்டிலில் மீன் மாட்டிற்று. அத்தனை வருஷத்தில் முதல் மீன். காட்டுவதற்கு ஆள் இல்லை. தண்ணீரிலேயே போட்டுவிட்டேன்.

யோசித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: எங்கள் ஏரி முடிந்துவிட்டது என்றுதானே வாத்தியார் போகிறார்? முடியவில்லை என்று காட்டிவிட்டால்? கைகாட்டி ஒன்று போதும். புது சாதி, அம்பத்தூர் ஏரியில், டிக்கெட் கிளார்க் கண்டுபிடித்தது. வாத்தியார் இங்கேயே தங்கிவிடுவார், மச்சானும் இங்கேயே இருப்பான், நான் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துவிடுவேன்.

திங்கட்கிழமை பொழுது சாய்வதற்குள் ஒன்றைப் பிடித்தேன். வலை கிடையாது, துண்டால் பிடித்தேன். அந்த அவசரத்தில் அதன் பின்னிறக்கை மூலை கொஞ்சம் கிழிந்துவிட்டது. மற்றபடி சுகம். ஞாயிறு வரை உயிரோடு வைத்திருக்க வேண்டும். எங்கள் கட்டிலின் கொசுவலைக்குள் ஒரு சட்டியில் சேற்றோடு கோரையை நட்டு, அதில் விட்டேன். அதற்குத் தீனி வேண்டுமே என்று கொசுக்களைப் பிடித்து உள்ளே விட்டேன். கொசுவலைக்குள்ளே கொசுவை விட்டு, வலைக்கு வெளியே படுத்துக் கடி வாங்கிய மனிதன் செங்கற்பட்டு ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"இன்னாங்க இது கூத்து?" என்றாள் என் மனைவி. ஏற்கனவே அவளுக்கு இருமல். "மனுசனுக்குத் தரை, பூச்சிக்குக் கட்டிலா?"

"ஞாயித்துக்கெழம வரிக்கும் பொறுத்துக்கோ. அப்பால பாரு, பட்டணத்துல பேரு வரப்போவுது."

"யாருக்கு? பூச்சிக்கா?"

செவ்வாயன்று கடைவீதியில் மச்சானைப் பார்த்தேன். "ஞாயித்துக்கெழம வாத்தியார இங்கியே எறக்கிக் கூட்டிகினு வா. மதகாண்ட."

"இன்னா சமாச்சாரம்?"

"அங்க வந்து பாரு, மெர்சலாயிடுவே."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பிலும் எனக்கு ஏதோ இருப்பதாகப் பட்டது. அன்றிலிருந்து வாரம் முழுக்க எனக்குப் பகல் டூட்டி, விடியுமுன் போய்விடுவேன். விளக்கு வைத்த பிறகு வந்து, லாந்தரைத் தூக்கிப் பிடித்துக் கைகாட்டியைப் பார்ப்பேன். லாந்தர் வெளிச்சத்தில் சட்டியும் சிவப்பு, கோரையும் சிவப்பு, என் கையும் சிவப்பு. நிறம் குறைந்துவருவதுபோல் இருக்கிறது என்று மனைவி ஒரு நாள் சொன்னாள். "ஒனக்குக் கண்ணு மங்குது" என்றேன்.

வியாழனோ வெள்ளியோ, வீட்டுக்கு வந்தபோது அவள் சொன்னாள்: "கம்பவுண்டர் அண்ணாத்த வந்துட்டுப் போனாரு. இருமலுக்கு மருந்து குடுத்தாரு. கட்டிலாண்ட போயி, வலையத் தூக்கிப் பாத்து..."

"வலையத் தூக்கினானா?"

"தூக்கித்தான் பாத்தாரு. பாத்துட்டு இன்னா சொன்னாருன்னா..."

அவன் என்ன சொன்னான் என்பதைக் கேட்க நான் அங்கே இல்லை. லாந்தரோடு கட்டிலுக்குப் பாய்ந்துவிட்டேன். பூச்சி இருந்தது. போய்விட்ட மூச்சு திரும்பி வந்தது. ஆனாலும் அவன் வலையைத் தூக்கினான் என்பது நெஞ்சுக்குள் ஓர் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டது.

சனிக்கிழமை எனக்குப் பகல் டூட்டியோடு ராத்திரி டூட்டியும் சேர்ந்தது, நடுவில் விளக்கு வைத்த பிறகு வீட்டுக்கு ஓடி வந்தேன். டூட்டியிலிருந்து நேராக மதகுக்குப் போக வேண்டுமே, பூச்சியை நீயே டப்பாவில் போட்டுத் துணி கட்டிக் கொடு என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். சாப்பாட்டுத் தூக்கோடு சேர்த்து டப்பாவையும் கொடுத்தாள். ராத்திரி முழுக்க அதை டிக்கெட் அலமாரிக்கு மேல் வைத்து, துணியை அவிழ்க்காமல் காவல் காத்தேன்.

காலையில் மதகுக்குப் போனபோது வாத்தியாரும் மச்சானும் எனக்காகக் காத்திருந்தார்கள். எனக்காக! அந்தக் காட்சியையே கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம் போலிருந்தது. டப்பாவைக் கல்லின் மேல் வைத்தேன். சும்மா திறக்க மனசு வரவில்லை. ஒரு பிரசங்கம் செய்தேன். மிளகாயில் ஆரம்பித்து, தக்காளிக்குப் போய், எங்கள் ஏரியை முடிந்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டாம் என்று முடித்தேன். அம்பத்தூர் என்ற பேரைச் சேர்த்து இதற்குப் பெயர் வைத்தால் நல்லது என்ற யோசனையையும் சொன்னேன். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். துணியை அவிழ்த்தேன்.

உள்ளே கூட்ஸ் உட்கார்ந்திருந்தது.

சாதாரண, மங்கலான, பாசி நிறக் கூட்ஸ். எங்கள் ஏரியில் மிதித்தால் பத்து பறக்கும்.

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. வழக்கம்போல் இதுவும் டமாசு என்று நினைத்திருப்பார். நான் சிரிக்கவில்லை. மச்சான் முகத்தைப் பார்த்தேன். வலையத் தூக்கிப் பாத்தாரு.

"என் பூச்சியைத் திருடிட்டியே!"

"இன்னா மாமே?"

"மாமே கீமேன்னா அடி வாங்குவே. நான் இல்லாத நேரத்துல என் ஊட்டாண்ட வந்தியா இல்லியா? வலையத் தூக்கினியா இல்லியா?"

"தூக்கினேன்."

"கைகாட்டிய எடுத்துகினு கூட்ஸ உட்டுட்ட. எனக்குப் பேரு வந்துடும்னு வயித்தெரிச்சல். வாத்தியாரு என்னோட சேந்துடுவாருன்னு வயித்தெரிச்சல். கண்ணாடி கெடச்சா எல்லாம் ஒனக்கே கெடைக்கணுமா?"

யார் வயிறு எரிகிறது என்பது கரையில் மேய்ந்துகொண்டிருந்த எருமைக்குக்கூடத் தெரிந்திருக்கும். மச்சான் அந்த மடக்குக் கண்ணாடியை மடியிலிருந்து எடுத்தான். எனக்குக் கொடுக்கப்போகிறான் என்று ஒரு நொடி நினைத்தேன், இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதை வாத்தியார் கையில் கொடுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கரைமேல் நடந்து போய்விட்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

வாத்தியார் கண்ணாடியை வைத்துக்கொண்டு டப்பாவுக்குள் குனிந்தார். "இதோட பின்னிறக்கையில மூலை கிழிஞ்சிருக்கே. எப்படி?"

"எங்க?"

பார்த்தேன். என் துண்டு கிழித்த கிழிசல். அதே மூலை, அதே அளவு.

"இந்தச் சாதியில பொட்டை சின்னதா இருக்கும்போது சிவப்பு. ஆக ஆகப் பச்சை" என்றார் வாத்தியார். "நீங்க பிடிச்சது இதைத்தான். ஒரு வாரமா வெச்சிருந்தீங்க இல்லையா, அதுக்கு வயசாயிடுச்சு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மிளகாய் மாதிரி இல்லை" என்றும் மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

தினம் தினம் கைகாட்டி சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறுவதைப் பார்த்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். மாறிய பிறகுதான் வண்டி போகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெயரும் நானே வைத்தேன்.

டப்பாவைக் கவிழ்த்துப் பூச்சியைக் கோரையில் விட்டேன். அது போய் உட்கார்ந்ததும் ஒரு கார்டு வந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டது. வேறொரு கார்டு கிட்டே வந்தபோது, இது பிடியை விடாமல் அவளை இழுத்துக்கொண்டு வேறு கோரைக்குப் போயிற்று. வேறு ஆண் வந்துவிடுமோ என்றுதான் முட்டை போடும் வரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் என்றார் வாத்தியார். நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த விஷயத்தில் எனக்குப் பாடம் தேவைப்படவில்லை.

வீட்டில் மனைவி சொன்னாள்: "அன்னிக்கு முழுசா கேட்டீங்களா? வலையத் தூக்கிப் பாத்துட்டு அண்ணாத்த இன்னா சொன்னாரு தெரியுமா? 'பாவம், மாமன் ரொம்ப ஆசையா வெச்சிருக்குது. ஞாயித்துக்கெழமைக்குள்ள இது பச்சையாயிடும். அதுக்கு முன்ன இன்னொரு செவப்பு புடிச்சி மாத்தி வெக்கச் சொல்லும்மா, ஏமாந்துடப் போவுது'ன்னு சொன்னாரு."

"நீ ஏன்டி சொல்லல?"

"சொல்ல வுட்டீங்களா? லாந்தரத் தூக்கிகினு ஓடினீங்க."

நான் அடுத்த ஞாயிறு மதகுக்குப் போனேன். யாரும் வரவில்லை. மச்சானுடைய இடத்தில் அவன் குடையை ஊன்றிய குழி காய்ந்து கிடந்தது. அதற்கடுத்த ஞாயிறுகளில் அவன் என் ஜன்னலுக்கு வந்தான், ஆனால் ஊர்பேர் தெரியாத ஆளிடம் கேட்பதுபோல், "திருநின்றவூர் ஒண்ணு" என்பான். முகத்தைப் பார்க்க மாட்டான். மாமே கிடையாது. டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவான், வாத்தியார் இடம் போட்டு வைத்திருக்கும் பெட்டிக்கு. டிஸ்பென்சரிக்குப் போனேன். பின்பக்கம் மருந்து கலக்கிக்கொண்டிருந்தான். முன்பக்கம் நோயாளிகள் என்னை வரிசையில் நிற்கச் சொன்னார்கள். என்ன நோய் என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் திரும்பிவிட்டேன்.

மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன், ஒரு ஞாயிறு, அவன் வழக்கமாக ஏறும் வண்டி வந்து போய்விட்டது. அவன் வரவில்லை. அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று எனக்குக் கை ஓடவில்லை. மாற்று ஆள் வந்து என் பின்னால் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஜன்னலில் அவன் கை நீண்டது.

நான் காத்திருந்தது அந்தக் கைக்குத்தான். அதைப் பிடித்துக்கொண்டேன். அவனுக்குப் பின்னால் ஒரு கிழவரும் கோழிக்கூடை வைத்திருந்த ஓர் அம்மாளும் நின்றிருந்தார்கள்.

"மச்சான், நான்தான் கம்னாட்டி. கிழிசலு என் துண்டு கிழிச்சது. நீ சொன்னத அவ சொன்னா. நான் சரியான மடப்பய."

"கைய வுடு. டிக்கெட்டு எடுக்கணும்."

"மன்னிச்சேன்னு சொல்லு, வுடறேன்."

"யோவ், வண்டி வந்துடும்யா" என்றார் கிழவர்.

மச்சான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "திருநின்றவூர் ரெண்டு" என்றான்.

ரெண்டு. நான் பிடியை இறுக்கினேன். "வாத்தியாரு இன்னிக்கு இங்க எறங்குறாரா? அவருக்கும் நீயே டிக்கெட்டு எடுக்கிறியா?"

"வாத்தியாரு லீவுல ஊருக்குப் போய்ட்டாரு. இந்த மாசம் வர மாட்டாரு."

"அப்ப இன்னொண்ணு யாருக்கு? புதுசா யாரப் புடிச்சிகினே?"

அவன் குனிந்து, ஜன்னல் ஓட்டை வழியாக, என் முகத்தையும், எனக்குப் பின்னால் சட்டையை மாட்டிவிட்டு என் நாற்காலிக்காக நின்ற மாற்று ஆளையும் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். பிறகு கோழிக்கூடை அம்மாளுக்கும் கேட்கும்படி சொன்னான்:

"அந்தப் பூச்சிக்கு வயசானா நெறமாச்சும் மாறுது மாமே. ஒனக்கு வயசு மட்டுந்தான் ஆவுது."